முதல் சேலையும் ஒரு பிறந்தநாள்தான்! திருநங்கை, திருநம்பிகளின் பயங்களும் கொண்டாட்டங்களும்

2024 பிப்ரவரியில் திண்டுக்கல் ஜங்ஷன் வழியா ரயில்ல போனவங்களுக்கு ஒரு இனிய ஆச்சர்யம் காத்திருந்தது. டிக்கெட் பரிசோதகர் கோட் போட்டு வந்து நின்றவர், சிந்து கணபதி. தெற்கு ரயில்வேயின் முதல் திருநங்கை டிக்கெட் பரிசோதகர் என்று செய்திகளும் சோஷியல் மீடியாவும் அவரைக் கொண்டாடின.

அந்த கோட்டுக்குப் பின்னாடி இருக்கிற கணக்கைப் பாருங்க. நாகர்கோவில்காரரான சிந்து, ரயில்வேயில் சேர்ந்தது 2003-ல். முதலில் எர்ணாகுளம், அப்புறம் திண்டுக்கல். 14 வருஷத்துக்கும் மேல மின்சாரப் பிரிவில் வேலை. ஒரு விபத்தில் கையில் அடிபட்டதால வணிகப் பிரிவுக்கு மாற்றம். அதற்கப்புறம் டிக்கெட் பரிசோதகர் பயிற்சி முடித்துத்தான் பிளாட்பாரத்துக்கு வந்தார். போட்டோவில் நாம் பார்த்தது ஒரு நாள். அதுக்குப் பின்னாடி இருக்கிறது 20 வருஷத்துக்கும் மேல.

இப்போ திண்டுக்கல்லில் இருந்து திருச்சி ரோட்டில் கொஞ்ச தூரம் போங்க. வடமதுரை வந்துடும். பெருமாள் கோயில், சுற்றி நூல் மில்கள், யார் வீட்டுப் பிள்ளை எந்த பஸ்ல ஏறுதுன்னு ஊருக்கே தெரிகிற பஸ் ஸ்டாண்டு. அப்படி ஒரு ஊரில், ராத்திரி கதவைச் சாத்திக்கிட்டு, போர்வைக்குள்ள போன் வெளிச்சத்தில் சிந்துவோட போட்டோவை ஜூம் பண்ணிப் பார்க்கிற 19 வயசு ஆளாக நீங்க இருக்கலாம். 'நாமளும் இப்படி ஒரு நாள்...'ன்னு நினைக்கிற அடுத்த நொடியே, வயிற்றைப் பிசைகிற பயமும் வரும்.

இந்தக் கட்டுரை அந்த பயத்துக்காகத்தான். பாலின மாற்றப் பயணம்னா ஆபரேஷன்னு மட்டும் நினைக்கிறவங்க நிறைய. உண்மையில் அது சின்னச் சின்ன பயங்களால் ஆன படிக்கட்டு. ஒவ்வொரு படிக்கும் ஒரு பயம் இருக்கு. தாண்டினதும் கொண்டாட ஒரு காரணமும் இருக்கு.

முதல்ல, வார்த்தைகளைத் தெளிவாக்கிக்கலாம்

பிறந்தப்போ ஆண் என்று சொல்லப்பட்டு, தன்னைப் பெண்ணாக உணர்பவர் திருநங்கை. பிறந்தப்போ பெண் என்று சொல்லப்பட்டு, தன்னை ஆணாக உணர்பவர் திருநம்பி. எல்லோரையும் சேர்த்துச் சொல்ல, திருநர். கேலி வார்த்தைகளுக்குப் பதிலா மரியாதையான சொற்கள் வேணும்னு இந்தச் சமூகத்தினர் பல வருஷம் போராடியிருக்காங்க. 2022-ல் தமிழக அரசே இதற்கான சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. அதுக்கு வழிவகுத்தது சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த சுஷ்மா வழக்கு.

பயம் 1: எனக்கு ஏதாவது வியாதியா?

பெரும்பாலானவர்கள் தங்களிடமே முதலில் கேட்கிற கேள்வி இதுதான். பதில்: இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலின் 11-வது பதிப்பு, திருநராக இருப்பதை மனநோய்ப் பிரிவில் இருந்து நீக்கிவிட்டது. 2022 ஜனவரியில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. 'ட்ரீட்மென்ட் கொடுத்து சரி பண்ணிடலாம்'னு மாற்ற முயற்சி செய்வது தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையமே அறிவித்திருக்கு.

சட்டமும் உங்க பக்கம் பேசியிருக்கு. 2014 ஏப்ரல் 15-ல் நால்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, ஒருவர் தன் பாலினத்தைத் தானே முடிவு செய்யலாம், அதற்கு ஆபரேஷனை நிபந்தனையாக வைக்கக் கூடாது என்று.

சரி, தலைக்குள்ள இருக்கிற பயத்தை என்ன பண்றது? மனநல மருத்துவர்கள் சொல்லித் தர்ற ஒரு எளிய வழி இருக்கு. ஒரு நோட்டில் உங்க பயங்களை வரிசையா எழுதுங்க. ஒவ்வொன்றுக்கும் 10-க்கு எத்தனை மார்க்னு போடுங்க. கண்ணாடி முன்னாடி பொட்டு வெச்சுப் பார்க்க 2 மார்க், ஒரு ஃபிரெண்டுகிட்ட சொல்ல 5, அம்மாகிட்ட சொல்ல 9, இந்த மாதிரி. 2-ல் இருந்து ஆரம்பிங்க. ஒரு விஷயத்தைத் தவிர்க்கத் தவிர்க்க பயம் வளரும். தாங்குற அளவுக்கு அதுக்குள்ள போய் நின்னா, அது ஏறி, உச்சிக்குப் போய், மெதுவா இறங்கும். அடுத்த முறை அவ்வளவு உயரம் ஏறாது.

கொண்டாடுங்க: 2 மார்க் பயத்தை அடிச்ச அன்னிக்கே, அந்த நோட்டில் தேதி போட்டு ஒரு டிக் அடிங்க. உங்க முதல் மைல்கல் அது.

பயம் 2: வீட்டில் சொன்னா என்ன ஆகும்?

எல்லாத்தையும் விட பெரிய பயம் இது. இங்க ஒரு விஷயத்தை நேர்மையா சொல்லணும். பயம் வேற, ஆபத்து வேற. 'அம்மா அழுவாங்க' என்பது பயம். 'அண்ணன் அடிப்பான், வெளியே தள்ளிடுவாங்க' என்பது ஆபத்து. பயத்தைத் தாண்டலாம். ஆபத்துக்கு முதல்ல ஏற்பாடு வேணும்.

வீட்டைச் சார்ந்து இருக்கிறவங்க, சொல்றதுக்கு முன்னாடி சிலதை சரிபார்த்துக்கங்க. மார்க்‌ஷீட், ஆதார், பேங்க் பாஸ்புக் உங்க கைக்கு எட்டுற இடத்தில் இருக்கணும். நாலு நாள் தங்க ஒரு நம்பகமான வீடு, கொஞ்சம் பணம், கூப்பிட்டா வர ஒரு ஆள். படிப்பு முடியட்டும்னு காத்திருக்க முடிவு பண்ணினா, அது கோழைத்தனம் இல்லை. அதுவும் ஒரு திட்டம்தான்.

திருநரை வீட்டை விட்டு வெளியேறக் கட்டாயப்படுத்துவது, உடலாலோ மனதாலோ துன்புறுத்துவது ஆகியவற்றுக்கு 6 மாதம் முதல் 2 வருஷம் வரை சிறைத் தண்டனை என்று 2019-ல் நிறைவேறிய திருநர் பாதுகாப்புச் சட்டம் சொல்லுது. வீடு இல்லாமல் நிற்கிற திருநர் தங்குவதற்காக மத்திய அரசின் 'கரிமா கிரஹ்' இல்லங்களும் இயங்குது.

முதல் ஆளாக யாரிடம் சொல்றது? பெரும்பாலும் அப்பா, அம்மாவாக இருக்கணும்னு அவசியமில்லை. ஒரு அக்கா, சித்தி, டீச்சர், கிளாஸ்மேட். 'இது யார்கிட்டயும் போகாது'ன்னு நீங்க நம்புற ஒருத்தர் போதும். நேரில் நாக்கு எழலையா? லெட்டரா எழுதிக் கொடுங்க. வாய்ஸ் நோட்டும் ஓகேதான்.

அந்த ஒருத்தரும் இல்லைன்னா, 14416-க்குக் கூப்பிடுங்க. அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண் இது. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

கொண்டாடுங்க: முதல் முறை ஒருத்தர் உங்களை நீங்க விரும்பின பெயரில் கூப்பிட்ட நாளை காலண்டரில் வட்டம் போடுங்க. பல திருநங்கைகளும் திருநம்பிகளும் அந்தப் பெயர் வந்த நாளைத்தான் தங்களோட இன்னொரு பிறந்தநாள்னு சொல்றாங்க.

பயம் 3: ஊர் என்ன சொல்லும்?

சென்னையில் இருக்கிறவங்களுக்கு இது சுலபமா புரியாது. வடமதுரை மாதிரி ஊர்களில், மதுரை மாட்டுத்தாவணியில் சுடிதாரில் நடக்கிறதை விட சொந்தத் தெருவில் நாலு எட்டு வைக்கிறதுதான் கஷ்டம். அங்க யாருக்கும் உங்களைத் தெரியாது. இங்க டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறவர் உங்க தாத்தா பெயர் வரைக்கும் சொல்லுவார்.

அதனால படிக்கட்டைத் திருப்பிப் போடுங்க. முதலில் உங்க ரூம். அப்புறம் ஃபிரெண்டு வீடு. அப்புறம் தெரியாத ஊரில் ஒரு சினிமா, ஒரு ஹோட்டல். அப்புறம் திண்டுக்கல். கடைசியாத்தான் சொந்த ஊர். முதல் தடவை தனியா போகாதீங்க. பகலில் போங்க, போனில் சார்ஜ் இருக்கட்டும், எங்க இருக்கீங்கன்னு ஒருத்தருக்கு லொகேஷன் ஷேர் பண்ணுங்க. சேலை, சட்டை எல்லாமே ஒரே நாளில் மாறணும்னு இல்லை. பொட்டு, கம்மல், ஹேர்கட், வாட்ச்னு ஒவ்வொன்றா மாற்றலாம்.

ஒரு சின்ன விஷயம். தமிழ்நாட்டு அரசு டவுன் பஸ்களில் திருநங்கைகளுக்கும் கட்டணமில்லா பயணம் உண்டு. 2021-ல் இருந்து அமலில் இருக்கு. கண்டக்டர் எதுவும் கேட்காமல், சிரிக்காமல் அந்த டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுக்கிற நிமிஷம் இருக்கே, ரூபாய்க் கணக்கில் அதுக்கு மதிப்பு பூஜ்யம். ஆனா அதைப் பத்திரமா எடுத்து வெச்சுக்கத் தோணும்.

போலீஸ் பயம் இருக்கிறவங்களுக்கும் ஒரு தகவல். பாலினச் சிறுபான்மையினரையும் அவங்களுக்காக வேலை செய்கிறவங்களையும் போலீஸார் தொந்தரவு செய்யக் கூடாதுன்னு, 2022-ல் தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளில் தனியாக ஒரு விதியே சேர்த்திருக்காங்க.

கொண்டாடுங்க: அந்த முதல் பஸ் டிக்கெட்டை நோட்டில் ஒட்டுங்க. திரும்பி வரும்போது திண்டுக்கல்லில் ஒரு பிரியாணியும் சாப்பிட்டுட்டு வரலாம், தப்பில்லை!

பயம் 4: டாக்டர், மாத்திரை, ஊசி

இங்க பயத்தை விட அவசரம்தான் அதிக ஆபத்து. யாரோ சொன்னாங்கன்னு மெடிக்கல் ஷாப்பில் கருத்தடை மாத்திரை வாங்கி, 'ரெண்டு போட்டா சீக்கிரம் மாறிடும்'னு விழுங்குறவங்க இருக்காங்க. தயவுசெய்து வேண்டாம். அளவு தெரியாமல் எடுக்கிற ஈஸ்ட்ரோஜன் ரத்தக்கட்டை உண்டாக்கலாம். அது நுரையீரலுக்கோ மூளைக்கோ போனா உயிருக்கே ஆபத்து. புகைப்பழக்கம் இருந்தா இன்னும் மோசம். நாள் கணக்காக எலாஸ்டிக் பேண்டேஜால் மார்பை இறுக்கிக் கட்டுற திருநம்பிகளுக்கும் இதே எச்சரிக்கை. விலா எலும்பும் மூச்சும் பாதிக்கும். அதுக்குன்னே தைக்கிற பைண்டர் போட்டாலும் ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல வேண்டாம். தூங்கும்போது கண்டிப்பா கழற்றிடணும்.

சரியான வழி என்ன? முதலில் மனநல மருத்துவர். அவர் பரிசோதிக்க வர்றது நீங்க 'பாஸா, ஃபெயிலா'ன்னு பார்க்க இல்லை. உங்களுக்கு என்ன வேணும், அதன் விளைவுகள் புரிஞ்சிருக்கான்னு பேசத்தான். அடுத்து ஹார்மோன் நிபுணர். ரத்தப் பரிசோதனை, கல்லீரல் பரிசோதனை எல்லாம் எடுத்துட்டுத்தான் மருந்து. எதிர்காலத்தில் சொந்தக் குழந்தை வேணும்னு நினைப்பு இருந்தா, ஹார்மோன் ஆரம்பிக்கும் முன்னாடியே சொல்லிடுங்க. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும், நமக்குப் பக்கத்தில் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் திருநருக்கான சிறப்பு கிளினிக் இருக்கு.

'எப்போ மாறும்?' எல்லோரும் கேட்கிற கேள்வி. திருநங்கைகளுக்கு ஈஸ்ட்ரோஜன் எடுக்க ஆரம்பித்தால் சருமம் மென்மையாவதும் மார்பக வளர்ச்சியும் 3 முதல் 6 மாதத்தில் தொடங்கும். முழுமையாக 2, 3 வருஷம் ஆகலாம். உடைஞ்ச குரல் ஹார்மோனால் மட்டும் மாறாது. அதுக்குக் குரல் பயிற்சி வேணும். தாடிக்கு லேசர். திருநம்பிகளுக்கு டெஸ்டோஸ்டிரோனால் மாதவிடாய் சில மாதங்களில் நிற்கும். குரல் தடிக்க ஆரம்பித்து, ஒன்றிரண்டு வருஷத்தில் நிலைக்கும். தாடி முழுசா வளர 4, 5 வருஷம்கூட ஆகலாம். இன்ஸ்டா ரீல்ஸில் 30 செகண்டில் ஓடுற மாற்றம், நிஜத்தில் ரெண்டாவது பருவ வயசு. அதோட வேகத்தில்தான் வரும்.

ஆபரேஷன்? வேணும்னா, தயாரானதும், தகுதியான மருத்துவர்களிடம். வேண்டாம்னா அதுவும் முழுமையான முடிவுதான். ஆபரேஷன் பண்ணலைன்னா திருநங்கை இல்லை, திருநம்பி இல்லைன்னு யாராவது சொன்னா, நால்சா தீர்ப்பை நினைச்சுக்கங்க.

கொண்டாடுங்க: மாசா மாசம் ஒரே தேதியில், ஒரே வரியைப் படிச்சு போனில் வாய்ஸ் ரெக்கார்ட் பண்ணுங்க. தினமும் கண்ணாடியில் தேடுறவங்களுக்கு மாற்றம் தெரியாது. ஆறு மாசம் கழிச்சு கேட்கிறவங்களுக்குத் தெரியும்.

பயம் 5: பேப்பரில் இன்னும் பழைய பெயர்

வெளியே கவிதா, ஆதாரில் கார்த்திக். பேங்கில், பரீட்சை ஹாலில், ஹாஸ்டல் அட்மிஷனில் ஒவ்வொரு தடவையும் விளக்கம் சொல்லணும். இது தேய்ந்து போக வைக்கிற பயம்.

2020-ல் வந்த விதிகளின்படி இதற்கு ஒரு பாதை போட்டாங்க. திருநருக்கான தேசிய இணையதளத்தில் விண்ணப்பம், கூடவே ஒரு உறுதிமொழிப் பத்திரம், அதன் பேரில் மாவட்ட ஆட்சியர் அடையாளச் சான்றிதழ் தர வேண்டும். அதை வைத்து மற்ற ஆவணங்களில் பெயரையும் பாலினத்தையும் மாற்றிக்கொள்ளலாம். விதிகள் அவ்வப்போது மாறும் என்பதால், விண்ணப்பிக்கும் முன் திண்டுக்கல்லில் உள்ள மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இன்றைய நடைமுறையைக் கேட்டுக்கங்க. நல வாரிய அட்டைக்கும் அங்கேயே கேட்கலாம். 2008-ல் இந்தியாவிலேயே முதல் முறையாகத் திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்தது தமிழ்நாடுதான்.

ஆபீஸ் போகும்போது எல்லாவற்றிலும் ரெண்டு ஜெராக்ஸ், ஒரு தண்ணி பாட்டில், ஒரு நண்பர். இந்த மூன்றும் இருந்தா பாதி பயம் போயிடும்.

கொண்டாடுங்க: புதுப் பெயரில் வந்த முதல் அட்டையை லேமினேட் பண்ணுங்க. வீட்டில் ஸ்வீட் கொடுங்க. வீட்டில் வாங்கலையா? ஃபிரெண்ட்ஸுக்குக் கொடுங்க.

பயம் 6: படிப்பு, வேலை கிடைக்குமா?

சேலத்தைச் சேர்ந்த பிரித்திகா யாஷினி எஸ்.ஐ தேர்வுக்கு விண்ணப்பித்தப்போ, படிவத்தில் அவருக்கான கட்டமே இல்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2015 நவம்பரில் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. 2017-ல் தருமபுரியில் எஸ்.ஐ-யாகப் பொறுப்பேற்றார்.

பரமக்குடியில் பிறந்த சத்யஸ்ரீ ஷர்மிளா 2007-லேயே சட்டம் முடித்தார். ஆனா தன் அடையாளத்தோடு பதிவு செய்யக் காத்திருந்தார். 2018 ஜூன் 30-ல் வழக்கறிஞராகப் பதிவு செய்தப்போ, நாட்டின் முதல் திருநங்கை வழக்கறிஞர் ஆனார். மதுரையில் பிறந்த நர்த்தகி நடராஜ், தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் பல வருஷம் நடனம் கற்று, 2019-ல் பத்மஸ்ரீ வாங்கினார்.

இவங்க கதைகளில் பயம் இல்லாத ஆள் யாருமே இல்லை. பயத்தோட க்யூவில் நின்னவங்கதான் எல்லோரும். சில பேர் 11 வருஷம் நின்னாங்க. உங்களுக்கு முன்னாடி அவங்க நின்னதால், உங்க க்யூ கொஞ்சம் சின்னதாகியிருக்கு.

நம்ம மண்ணிலேயே இருக்கிற கொண்டாட்டங்கள்

'கேக் வெட்டுறது, மைல்கல் கொண்டாடுறது எல்லாம் வெளிநாட்டுப் பழக்கம்'னு யாராவது சொன்னா நம்பாதீங்க. தமிழகத் திருநங்கைகளிடம் இதற்கெனத் தனி மரபே இருக்கு.

ஆபரேஷன் முடிந்த திருநங்கைக்கு 40 நாள் ஓய்வும் பத்தியமும். பல ஜமாத்களில் அதுவரைக்கும் கண்ணாடி பார்க்கக் கூடாது. 40-ம் நாள் பால் ஊற்றும் சடங்கு. மஞ்சள் பூசி, மருதாணி வைத்து, புதுச்சேலை கட்டி, விடியும் முன்னாடி தலையில் பால் குடம் ஏந்திப் போய் நீர்நிலையில் ஊற்றி, மாதாவைக் கும்பிடுவாங்க. அப்புறம்தான் கண்ணாடி. நம்ம வீடுகளில் பெண் பிள்ளைக்கு மஞ்சள் நீராட்டு நடத்துற மாதிரியே, தாய் ஸ்தானத்தில் குரு நின்று நடத்துகிற விழா அது. பெற்ற வீடு செய்யாத சீரை, சேர்ந்த வீடு செய்யுது.

சித்திரையில் கூவாகம் இருக்கு. அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அறுத்து அழுகிற விழா. பல ஊர்களில் ஒளிஞ்சு வாழுறவங்க, வருஷத்தில் ஒரு முறை தலை நிமிர்ந்து நடக்கிற இடம். நல வாரியம் அமைந்த ஏப்ரல் 15, தமிழ்நாட்டில் திருநங்கையர் தினம். நால்சா தீர்ப்பு வந்ததும் அதே தேதியில்தான்.

திருநம்பிகளுக்கு இப்படி நீண்ட சடங்கு மரபு இல்லை. அதனால என்ன? முதல் ஷேவிங், முதல் வேட்டி, அக்கா கல்யாணத்தில் தம்பி ஸ்தானத்தில் நின்ற முதல் சபை. நீங்களே ஆரம்பிச்சு வைக்கலாம்.

ஃபிரெண்டா, குடும்பமா நீங்க என்ன செய்யலாம்?

உங்ககிட்ட ஒருத்தர் சொன்னா, 'நம்பிக்கையோட சொன்னதுக்கு தேங்க்ஸ்'னு முதல்ல சொல்லுங்க. எந்தப் பெயரில் கூப்பிடணும்னு கேளுங்க. எங்க எல்லாம் அந்தப் பெயர் சொல்லலாம், எங்க சொல்லக் கூடாதுன்னும் கேளுங்க. அவங்களைக் கேட்காமல் இன்னொருத்தர்கிட்ட சொல்லாதீங்க, நல்ல எண்ணத்தில்கூட. 'ஆபரேஷன் பண்ணியாச்சா?' என்பது யார்கிட்டயும் கேட்கிற கேள்வி இல்லை. பெயர் தவறிட்டா ஒரு 'ஸாரி' போதும், பத்து நிமிஷம் விளக்கம் வேண்டாம்.

முக்கியமா, அவங்க மைல்கல் தேதிகளை உங்க போனிலும் ரிமைண்டரா போடுங்க. இந்த நாட்களை வாழ்த்த சொந்தக்காரங்க இல்லாத ஆளுக்கு, காலையில் வர்ற ஒரு வாட்ஸ்அப் வாழ்த்து ஒரு குடும்பமே வந்து நின்ன மாதிரி.

கடைசியா, போர்வைக்குள்ள போன் பார்க்கிற உங்களுக்கு. இன்னிக்கு ராத்திரி எதையும் பெருசா செய்ய வேண்டாம். நோட்டை எடுங்க. உங்களுக்குப் பிடிச்ச பெயரை உங்க கையெழுத்தில் ஒரு தடவை எழுதிப் பாருங்க. கீழே தேதி போடுங்க. அடுத்த முறை திண்டுக்கல் ஜங்ஷனுக்குப் போறப்போ அந்த நோட்டு பையில் இருக்கட்டும். டிக்கெட்டும் மறக்காதீங்க, சிந்து வந்து கேட்டாலும் கேட்பார்!